வன்னியில் மலையகப் பின்னணிக் குடும்பங்கள்: சமத்துவத் திட்டத்தில் எதை முதலில் கேட்பது?

கேள்வி: கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வாழ்வாதாரத் திட்டம் ஒன்றுக்காகக் குடும்ப விவரம் திரட்டப்போகிறோம். படிவத்தில் ‘மலையகப் பின்னணி’, அதாவது தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள், என்று ஒரு கட்டம் போடலாமா? போட்டால் சனத்தைப் பிரிக்கிறீர்கள் என்கிறார்கள். போடாவிட்டால் யாருக்கு என்ன இல்லை என்பது தெரியாமலே பயனாளிப் பட்டியல் முடிந்துவிடுகிறது.

பதில்:

போடலாம். ஆனால் அது படிவத்தின் கடைசிக் கேள்வியாக, விரும்பினால் மட்டும் பதில் சொல்வதாக இருக்க வேண்டும். பயனாளியைத் தெரிவுசெய்யும் அளவுகோலாக அதை எடுக்காதீர்கள். குடும்பம் எந்தக் காணியில் இருக்கிறது, வயலுக்கு நீர்ப் பங்கு இருக்கிறதா, ஒவ்வொருவர் கையிலும் என்ன பத்திரம் இருக்கிறது ஆகிய மூன்றையும் ஒழுங்காகக் கேட்டால், கட்டம் போடாமலே அந்தக் குடும்பங்கள் பட்டியலில் தெரிய வரும். இம்மூன்றையும் கேட்காமல் இன அடையாளத்தை மட்டும் கேட்டால் பெயர்கள்தான் கிடைக்கும். குறை எங்கே என்பது தெரியாது.

‘எல்லாரும் தமிழர்தானே, எதற்குப் பிரித்துப் பார்ப்பது’ என்று அலுவலர்கள் சொல்வது பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான். ஆனால் ஒரே விதியை எல்லோருக்கும் வைக்கும்போது, அந்த விதி காணி உறுதியைக் கேட்கிறது என்றால், உறுதி இல்லாதவர் யார் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. போருக்குப் பிந்திய இந்திய வீடமைப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு கிழக்கில் வீடொன்றுக்கு 5,50,000 ரூபாய் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. பயனாளியே முன்னின்று கட்டும் நல்ல முறை அது. ஆனால் கட்டுவதற்குத் தன் பெயரில் காணி வேண்டும், குறைந்தது பிரதேச செயலகம் ஒப்புக்கொள்ளும் ஒரு துண்டாவது வேண்டும். அது இல்லாத குடும்பம் பயனாளித் தெரிவில் புள்ளி எவ்வளவு எடுத்தாலும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. யாரும் யாரையும் இனத்தின் பெயரால் ஒதுக்கவில்லை. ஒதுக்கியது காணிக் கடதாசி.

இந்தக் காணிக் குறை எப்படி வந்தது என்பதைக் கணக்கெடுப்பாளர்கள் அறிந்திருக்க வேண்டும். 1823 தொடக்கம் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெருந்தொகையினர் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த மக்களுக்கு வன்னி அப்போது கடந்துபோகும் வழி மட்டுமே. குடியிருக்க வந்தது பெரும்பாலும் 1958க்குப் பிறகு. 1958 கலவரம், 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் ஏற்பட்ட பட்டினி, 1977, 1981, 1983 வன்செயல்கள் என்று ஒவ்வோர் அடியிலும் ஒரு தொகுதி வடக்கே வந்தது. 1970களின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோர் முன்னின்று நடத்திய காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கம் பல குடும்பங்களைக் குடியமர்த்தியது. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், தொண்டமான்நகர், சாந்தபுரம், ஜெயபுரம் போன்ற இடங்களில் இப்படி வந்தவர்கள் இன்றும் கணிசமாக இருக்கிறார்கள்.

வந்த காலம் ஏன் முக்கியம் என்றால், வாய்க்கால் பாயும் நல்ல காணி அதற்கு முன்னமே பங்கிடப்பட்டுவிட்டது. இரணைமடுக் குளத்தை அண்டிய குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவர்கள். பிந்தி வந்தவர்களுக்குக் கிடைத்தது மேட்டுக் காணி, காட்டோரம், வேறொருவரின் தோட்டத்தில் காவலுக்கு இருக்கும் குடில் அல்லது எல்லைப்புறம். இதனால்தான் ‘எந்த ஆண்டு வந்தீர்கள்’ என்ற கேள்வி ‘நீங்கள் யார்’ என்ற கேள்வியைவிட அதிகம் சொல்லும்.

காணியைக் கேட்கும்போது ‘சொந்தமா, இல்லையா’ என்று கேட்டு விட்டுவிடாதீர்கள். இருக்கிறவர் ‘சொந்தம்’ என்றுதான் சொல்வார். நாற்பது ஆண்டாகப் பற்றை வெட்டி, கிணறு தோண்டி, தென்னை வைத்த நிலத்தை வேறெப்படிச் சொல்வது? கையில் இருக்கும் துண்டைக் காட்டச் சொல்லுங்கள். அரச காணி என்றால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம், அதாவது எல்லோரும் சொல்லும் பெர்மிற், இருக்கலாம். அதற்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் இருக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் பெர்மிற்றாக இருக்கலாம். காணிக் கச்சேரியில், அதாவது அரச காணி வழங்குவதற்கு ஆட்களைத் தெரிய நடத்தும் கூட்டத்தில், பெயர் பதிந்த சீட்டு மட்டும் இருக்கலாம். கிராம அலுவலரின் வதிவிடக் கடிதத்தைக் காணிப் பத்திரம் என்று நம்பிப் பத்திரமாக வைத்திருப்பவர்களும் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் அடுத்த படி வேறு. எனவே படிவத்தில் இவற்றைத் தனித்தனியாகவே பதியுங்கள். பெர்மிற் யார் பெயரில், அவர் உயிரோடிருக்கிறாரா, பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பெயர் குறிக்காமல் பெர்மிற்காரர் இறந்தால், பழைய அட்டவணைப்படி ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை போனது. 2022 திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. ஆனாலும் போரில் கணவனை இழந்த பெண்களின் வீடுகளில் இறந்தவர் பெயரிலேயே பெர்மிற் கிடப்பதைப் பரவலாகக் காணலாம். மாற்றி எழுதாதவரை கடனும் இல்லை, வீட்டுத் திட்டமும் இல்லை.

தனியார் காணியில் இருப்பவர்களின் நிலைமை இன்னும் சிக்கலானது. உரித்தாளர் யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ இருப்பார். அவருடைய தகப்பன் ‘இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விட்ட காணி. இங்கே சில அமைப்புகள் ‘பத்து வருசம் இருந்தால் ஆட்சியுரிமை’ என்று சொல்லி மக்களை வழக்குக்கு அனுப்புகின்றன. அது ஆபத்தான ஆலோசனை. உரித்தாளரின் அனுமதியோடு காவலுக்கு இருந்தவரின் இருப்பு எதிரிடையான ஆட்சியாகக் கொள்ளப்படாது. அதோடு, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம், போரினால் காணிக்குத் திரும்ப முடியாமற்போன உரித்தாளர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழிசெய்தது. அது எந்த வழக்குக்குப் பொருந்தும் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி பார்த்துச் சொல்லட்டும். அரச காணியிலோ எத்தனை ஆண்டு இருந்தாலும் ஆட்சியுரிமை வராது. ஆகவே தனியார் காணிக் குடும்பங்களுக்கு முதலில் செய்ய வேண்டியது பேச்சுவார்த்தை. வீடும் கிணறும் இருக்கும் துண்டை மட்டும் பிரித்து எழுதித் தர உரித்தாளர் சம்மதிக்கிறாரா, விலை கேட்டால் திட்டத்தில் அதற்கு இடமுண்டா, முடியாவிட்டால் பிரதேச செயலகம் மாற்றுக் காணி தருமா என்று பாருங்கள். காணிப் பிணக்குக்கான விசேட மத்தியஸ்த சபை உள்ள இடத்தில் அதையும் பயன்படுத்தலாம். எழுத்தில் வராத சம்மதத்தை நம்பி ஒரு கல்லும் அடுக்காதீர்கள். வீடு கட்டி முடிந்த பிறகு உரித்தாளரின் பிள்ளை உறுதியோடு வந்தால், குடும்பம் வீட்டையும் சேர்த்தே இழக்கும்.

அடுத்தது நீர். சிறுபோகத்துக்கு, அதாவது மழைகால விதைப்புக்கு அடுத்து வரும் போகத்துக்கு, இரணைமடுவில் எவ்வளவு நீர் இருக்கிறதோ அதற்கேற்பத்தான் விதைப்பு ஏக்கர் தீர்மானிக்கப்படும். அந்த ஏக்கர், திட்டத்துக்குள் வயற்காணி வைத்திருப்பவர்களுக்குப் பங்காகப் போகும். வயற்காணி இல்லாதவருக்குப் பங்கும் இல்லை. கமக்கார அமைப்புக் கூட்டத்தில் அவர் பேச்சுக்கும் இடமில்லை. ஆனால் அந்த வயலில் வரம்பு கட்டுவதும் களை பிடுங்குவதும் மருந்தடிப்பதும் பெரும்பாலும் இந்தக் குடும்பங்கள்தான். சிலர் குத்தகைக்கு எடுத்துத் தாமே விதைக்கிறார்கள். குத்தகை வாய்ப்பேச்சில் நடக்கும், போகத்துக்குப் போகம் ஆளும் மாறும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பு இருந்தாலும், கமநல சேவை நிலைய இடாப்பில் பெயர் ஏறாதவரால் அதைக் கேட்க முடியாது. உர மானியமோ வெள்ள, வரட்சி நட்டஈடோ இடாப்பில் இருக்கும் பெயருக்கே போகும். எனவே ‘விவசாயியா?’ என்ற கேள்வியை மூன்றாக உடையுங்கள். கடந்த போகம் எத்தனை ஏக்கர் விதைத்தீர்கள்? அது யாருடைய வயல்? இடாப்பில் யார் பெயர்? விதைப்பவர் ஒருவர், இடாப்பில் வேறொருவர் என்றால், உங்கள் விதைநெல் யாரிடம் போய்ச் சேரும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

பத்திரங்களில் நேரம் செலவிடுங்கள், கணக்கெடுப்பில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தகப்பன், தாய் விவரங்களுக்குக் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கேள்வி இருக்கும். தகப்பன் இலங்கையில் பிறவாமல் பூட்டன் பிறந்திருந்தால் அவருடைய விவரத்தையும் கேட்கும். பல தோட்டப் பிள்ளைகளின் பத்திரத்தில் இந்த இடங்களில் வெறும் கோடு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கோ ஆதாரம் கேட்டது. அந்த ஆதாரம் இல்லாமல் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள். 1964 ஒக்ரோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. வன்னியில் இருக்கும் ஒரு குடும்பத்திலேயே அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் வந்த கதைகள் இதிலிருந்துதான் வந்தவை. கடவுச்சீட்டு எடுத்தும் போகாமல் நின்றவர்கள் இருந்தார்கள். 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றபின் போகவும் வழி இல்லை.

இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி, 1964 ஒக்ரோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரசைகள். இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தவர்களுக்குப் பிரகடனம் செய்யும் தனி நடைமுறை உண்டு. மற்றவர்களுக்குச் சட்டமே உரிமையைத் தந்துவிட்டது. ஆகவே அலுவலகத்தில் ஒருவர் ‘பிரசாவுரிமைச் சான்றிதழ் கொண்டுவா’ என்று எல்லோரிடமும் கேட்டால், அந்தக் கேள்வியையே மறுத்துப் பேசுங்கள். ஐயம் எழும் இடத்தில் வதிவை நிறுவத் தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வரவுப் பதிவு) பிரதி, ஊழியர் சேமலாப நிதிப் பதிவு, பாடசாலைச் சேர்விடாப்பு, பழைய வாக்காளர் இடாப்பு, பெற்றாரின் பிறப்புப் பதிவு ஆகியவை உதவும். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. எந்தப் பிரிவு, எந்தப் பதிவாளர் பிரிவு என்று முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிவு இல்லை என்று உறுதியானால் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குப் போகலாம். பெயர்ப் பிழை இன்னொரு தலையிடி. தோட்டக் கிளாக்கர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதிய பெயர் ஒன்று, வன்னிப் பாடசாலையில் சேர்த்த பெயர் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. இவற்றைத் திருத்த மாதக்கணக்கில் எடுக்கும். உங்கள் திட்டம் பன்னிரண்டு மாதம் என்றால், பத்திர வேலையை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். உதவி வழங்கும் வாரத்தில் பத்திரம் கேட்டால், இல்லாதவர் விலகித்தான் நிற்பார்.

தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பியவர்களுக்கு இதோடு இன்னொன்று சேரும். அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பு இலங்கைத் தூதரகத்தில் பதியப்பட்டு, வம்சாவளிப் பிரசாவுரிமை பெறப்பட்டதா என்று பாருங்கள். பள்ளியில் சேரும்போது மறைந்திருக்கும் இந்தக் குறை அடையாள அட்டை எடுக்கும் வயதில்தான் வெளிவரும்.

இனி அளவுகோல். பூர்வீகத்தின் அடிப்படையில் நேரடியாகப் பயனாளியைத் தெரிவுசெய்யாதீர்கள் என்று சொல்வதற்குச் சட்டக் காரணமும் உண்டு. அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 12(4) விசேட ஏற்பாட்டுக்கு அனுமதி தருவது பெண்கள், பிள்ளைகள், வலுவிழந்தோர் ஆகியோருக்கு. வம்சாவளி அதில் இல்லை. உங்கள் பட்டியல் பிரதேச செயலகத்தின் ஒப்புதலோடுதான் போகும் என்பதால், ‘காணிப் பத்திரம் இல்லாதவர், பாசனக் காணி இல்லாதவர், குடும்பத்தில் ஒருவருக்கேனும் பிறப்புப் பதிவு இல்லாதவர்’ என்று குறையை அளவுகோலாக்குங்கள். அது நிற்கும். அதே குறையோடு இருக்கும் வன்னியின் பழைய குடிகளையும், பெண் தலைமைக் குடும்பங்களையும், 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் பிள்ளைகள் பிறந்த பிறகு திரும்பி வந்திருக்கும் முஸ்லிம் குடும்பங்களையும் அது சேர்த்துக்கொள்ளும். மலையகப் பின்னணி உள்ள எல்லோரும் வறியவர்கள் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். கடை வைத்தவர்கள், ஆசிரியர்கள், அரச அலுவலர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் கடைசிக் கட்டம் எதற்கு? பட்டியல் நியாயமாக வந்ததா என்று பிறகு சரிபார்க்க. 1911 குடிசன மதிப்பீட்டிலிருந்து ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று இரண்டாகப் பதிகிறார்கள். வன்னியில் பலர் தம்மை இலங்கைத் தமிழர் என்றே பதிகிறார்கள். சிலருக்கு அது உண்மையான உணர்வு. சிலருக்கு ஏச்சிலிருந்து தப்பும் வழி. ஆகவே அரச புள்ளிவிவரத்தை வைத்து ‘இங்கே அவர்கள் இல்லை’ என்று முடிவெடுக்க முடியாது. உங்கள் படிவத்தில் ‘உங்களை எப்படி அழைக்க விரும்புகிறீர்கள்’ என்று கேட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட விடைக்கும் ‘சொல்ல விருப்பமில்லை’ என்பதற்கும் இடம் விடுங்கள். தாய் யாழ்ப்பாணம், தகப்பன் ஹட்டன் என்ற வீடுகள் இப்போது ஏராளம். இந்த விடையைப் பெயர்ப் பட்டியலிலிருந்து பிரித்து, இலக்கத்தின் கீழ் மட்டும் வைத்திருங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இன மூலம் பற்றிய தரவை விசேட வகையாகவே கொள்கிறது. சாதியைக் கேட்காதீர்கள். ஆனால் பொதுக் கிணறு, கோயில், சங்கப் பதவிகள் ஆகியவற்றில் யார் இருக்கிறார்கள் என்று கவனித்தால் அதுவும் தெரிய வரும்.

கணக்கெடுப்புக்குப் போகும்போது ஆண்டை நேரே கேட்டால் முதியவர்களுக்கு நினைவு வராது. ‘சூறாவளிக்கு முன்னமா பின்னமா, எண்பத்துமூன்று கலவரத்துக்கு முன்னமா, மூத்தவ பிறக்கேக்க எங்க இருந்தனீங்கள்’ என்று கேட்டால் சரியாக வரும். கணக்கெடுப்பாளர்களில் பாதிப் பேராவது அதே கிராமத்துப் பிள்ளைகளாக இருக்கட்டும். தேத்தண்ணி தந்தால் வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள். ‘இல்ல அம்மா, இப்பத்தான் குடிச்சனாங்கள்’ என்ற மறுப்புக்கு அந்த வீட்டில் வேறு பொருள் விளங்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு வரும் விடைகள் சுருங்கிவிடும். நேரமும் முக்கியம். காலை ஏழு மணிக்குப் பிறகு கூலி வேலைக்குப் போனவர்கள் மாலைதான் திரும்புவார்கள். பகலில் மட்டும் போனால் வயற்காணி உள்ளவர்களைத்தான் வீட்டில் சந்திப்பீர்கள், உங்கள் தரவும் அவர்களுடையதாகவே இருக்கும்.

பட்டியல் தயாரானதும் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவரிடம் மட்டும் கொடுத்துச் சரிபார்க்காதீர்கள். மாதர் சங்கம், கூலி வேலை செய்வோர், காணி இல்லாதோர் தரப்பிலிருந்தும் ஆட்கள் இருக்கும் குழு வேண்டும். பட்டியலைச் சங்கக் கட்டடத்திலும், கடையடியிலும், குடியிருப்பின் கடைசி ஒழுங்கையிலும் ஒட்டி, ஆட்சேபனைக்கு இரண்டு கிழமை விடுங்கள். இனம் பற்றிய விடை அதில் இருக்கக் கூடாது. ஆட்சேபனையை எழுதித்தான் தர வேண்டும் என்று வைக்காதீர்கள். வாயால் சொல்வதை எழுதிக்கொள்ள ஒருவரை அந்த இடத்திலேயே இருத்துங்கள், அதுவும் மாலை நேரத்தில். வரவுசெலவில் பத்திரச் செலவுக்கென்று ஒரு தொகை ஒதுக்குங்கள். பழைய பிறப்புப் பதிவைத் தேடும் கட்டணம், அதற்காகப் பதுளைக்கோ நுவரெலியாவுக்கோ போய்வரும் பஸ் காசு, இரண்டு நாள் கூலி இழப்பு எல்லாம் அதில் அடங்க வேண்டும். நன்கொடையாளர் இதை ‘வாழ்வாதாரம் அல்ல’ என்று வெட்டப் பார்த்தால், பெர்மிற் இல்லாத மேட்டுக்காணியில் நீங்கள் வெட்டப்போகும் கிணற்றின் செலவை அதற்குப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.